ஹந்தானைக் குன்றும் விண்வெளிக் கரியும்

கண்டி நகரின் ஒருபுறம் மஹய்யாவ, மறுபுறம் ஹந்தானை. முன்னதன் லயங்களில், நகரத்தைத் துப்புரவு செய்யும் தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். பின்னதில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் நிற்கிறது. இடையே சில மைல் தூரந்தான். ஆயினும் அந்நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த இருவரின் ஆராய்ச்சி, மஹய்யாவையின் பிள்ளைகளுக்கும் உரிய செல்வம் என்றே நாம் கருதுகிறோம்.

ஒருவர் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க. விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசி வெறும் பனிக்கட்டியன்று, அதில் கரியும் உண்டு என்று 1962இல் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து உரைத்தார். 1977இல் இருவரும் இன்னுமோர் அடி சென்று, விண்மீன் ஒளியின் ஊதாக்கடந்த பகுதியில் காணும் பெரும் உறிஞ்சலுக்கு அரோமற்றிக் மூலக்கூறுகளே காரணமாகலாம் என்றனர். நாம் அறிந்த பூச்சி உருண்டையின் நப்தலீன், விளக்குப் புகைக்கரியில் உள்ள வளையச் சேர்வைகள் ஆகியவற்றின் இனம் அது. உயிரே வானிலிருந்து இறங்கியது என்று பின்னர் அவர்கள் சொன்னதை விஞ்ஞான உலகம் ஏற்கவில்லை, நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் வானில் அரோமற்றிக் கரி உண்டென்ற கருத்து நிலைத்துவிட்டது.

மற்றவர் காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று 1948இல் பட்டம் பெற்றவர், பின்னர் இலண்டனில் பெர்னாலிடம் இரசாயனம் கற்றார். உயிர் எப்படித் தோன்றியது என்ற தத்துவக் கேள்வியை அவர் சோதனைக் குழாய்க்குள் இறக்கினார். கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில், ஊதாக்கடந்த கதிரைக் கொண்டு உயிரணுவின் ஆற்றற்பொருளான ஏடிபியை 1963இல் உண்டாக்கிக் காட்டிய மூவரில் அவரும் ஒருவர். 1969இல் அவுஸ்திரேலியாவில் வீழ்ந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்களையும் ஐதரோகாபன்களையும் அவர் குழு மறு ஆண்டே கண்டது. 1984இல் அவர் ஹந்தானை நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார்.

அதே ஏம்ஸ் ஆய்வகத்தில் 1999இல் நடந்ததுதான் நம்மை மிகவும் கவர்வது. பல வளைய அரோமற்றிக் சேர்வைகளை நீர்ப்பனிக்கட்டியில் உறையவைத்து, பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 260 பாகைக் குளிரில் ஊதாக்கடந்த கதிரைப் பாய்ச்சினர். பனி அசைவற்ற சிறையாயினும் கதிர் அதனை உடைத்தது. நீரின் ஒட்சிசன் வளையங்களின் விளிம்பில் ஏறி அமர்ந்தது. அற்ககோல்களும் ஈதர்களும் குயினோன்களும் பிறந்தன. நம் பெண்களின் கைகளில் சிவக்கும் மருதாணிச் சாயமும், குருதி உறைவதற்கு வேண்டிய விற்றமின் கேயும் குயினோன் குடும்பத்தவையே. வானிலிருந்து வந்த அத்தகைய பொருள்களைத் தொடக்ககால உயிர்கள் பயன்படுத்தினவா என்பது இன்னும் தீராத வழக்கு.

இந்தச் சோதனையைக் காணப் பொன்னம்பெரும இல்லை. 1994 டிசம்பரில் அமெரிக்காவில் அவர் காலமாகியிருந்தார்.