கிரகணமும் இருட்டறையும்

சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்பதை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். இவ்வெச்சரிக்கையைத் தம் கண்களையே விலையாகக் கொடுத்து எழுதிவைத்த பேரறிஞர் ஒருவர் உண்டு. அவர்தாம் அல்பீரூனி (973–1048). இளமையில் கிரகணங்களை ஆராய்ந்ததால் தம் பார்வை தளர்ந்தது எனக் குறிப்பிடும் அவர், சூரியனின் உருவை நீரில் காண்பதே மேல் என்றார். அதுவும் கண்ணுக்குத் தீங்கே என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு.

அவர் காலத்தவரே, பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் தனி நூலே இயற்றினார். சிறு துளை வழியே இருண்ட இடத்துச் சுவரில் விழும் ஒளி, கிரகண வேளையில் பிறைபோல் தோன்றுவதேன்? வட்டத்துளை பெரிதானால் அப்பிறை மறைந்து வட்டமாவதேன்? சூரியனின் ஒவ்வொரு புள்ளியினின்றும் நேர்க்கோட்டில் வரும் ஒளி, துளையின் வடிவிலேயே சுவரில் படிகின்றது. அப்படிவுகள் பல ஒன்றுகூடியே உருவம் அமைகின்றது எனக் கணித முறையில் விளக்கினார்.

இருட்டறையை முதலிற் கண்டவர் அவரே என்றும், ‘கேமரா’ என்பது அரபுச் சொல்லே என்றும் மேடைகளில் முழங்குவோர் உளர். துளையொளியின் விந்தையைச் சீனரும் கிரேக்கரும் முன்னரே அறிந்திருந்தனர். கேமரா என்பதோ அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். காரணத்தை ஆராய்ந்து நிறுவியதே இப்னுல் ஹைதமின் மெய்யான பெருமை. பின்னாளில் இருட்டறையே படப்பெட்டியாயிற்று. 1851 ஜூலை 28-இல், கோனிக்ஸ்பெர்க் நகரில் பெர்க்கோவ்ஸ்கி என்பார் முழுக் கிரகணத்தின் ஒளிவட்டத்தை முதன்முதலாகத் தெளிவுறப் படம்பிடித்தார்.

பொய்ப்பெருமை நமக்கு ஏன் வேண்டும்? ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று கிரகணம் பற்றியது. அம்மரணத்தால் நேர்ந்ததே இது என்றனர் மக்கள். அண்ணலார் அதனை ஏற்றார்களில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் சான்றுகள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை எனத் தெளிவுறுத்தித் தொழுகையைக் கற்பித்தார்கள்.

2031 மே 21-இல் தென் தமிழகத்தில் கங்கண கிரகணம் தோன்றும். அன்று பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவைக்க வேண்டுவதில்லை. அட்டையில் ஊசித்துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, வெண்தாளில் விழும் பிறையைக் காட்டுவோம். படம் எடுக்க விழைவோர் அத்தாளில் விழும் உருவையே எடுக்கலாம். சூரியனையே எடுப்பதாயின் வில்லையின் முன்புறம் அதற்குரிய வடிகட்டியைப் பொருத்துதல் இன்றியமையாதது. பின்னர் அவர்களையும் அழைத்துக்கொண்டு தொழுகைக்குச் செல்வோம்.