செயல்திட்டம் யாருடைய திட்டம்? ஒரு வரலாற்றுப் பார்வை

செயல்திட்டம் என்றதும் உங்கள் நினைவுக்கு என்ன வருகிறது? மணிலா அட்டை, பசை, இணையத்திலிருந்து எடுத்த படங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து செஞ்சு முடிப்பார்கள். பிள்ளை பெயரை மட்டும் எழுதும். இதில் படைப்பாற்றல் எங்கே இருக்கிறது? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

1896-இல் ஜான் டூயி, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சமையல், தச்சு, நெசவு எல்லாம் அங்கே பாடத்தின் பகுதி. பிள்ளைகள் பருத்தியையும் ஆட்டு ரோமத்தையும் கையால் பிரித்துப் பார்த்தார்கள். பருத்தியிலிருந்து விதையை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று விரலுக்குத் தெரிந்தது. அதனால்தான் பருத்தித் தொழில் கம்பளித் தொழிலுக்குப் பின்னால் வளர்ந்தது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். கைவேலை அங்கே வரலாற்றுப் பாடமாக மாறியது.

1918-இல் வில்லியம் கில்பாட்ரிக் 'செயல்திட்ட முறை' என்ற கட்டுரையை வெளியிட்டார். அவர் சொன்ன படிகள் நான்கு: நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், செய்து முடித்தல், மதிப்பிடுதல். இந்த நான்கிலும் மாணவனுக்குப் பங்கு வேண்டும் என்பதே அவர் கருத்து.

அதே காலத்தில் மலாயாவிலும் கைவேலை பள்ளிக்குள் நுழைந்தது. கல்வி அதிகாரி வின்ஸ்டட், ஜாவா, பிலிப்பைன்ஸ் பள்ளிகளைப் பார்வையிட்டு 1917-இல் ஓர் அறிக்கை தந்தார். மலாய்ப் பள்ளிகளில் கூடை முடைதலுக்கும் தோட்ட வேலைக்கும் முக்கிய இடம் கிடைத்தது. 1922-இல் தஞ்சோங் மாலிமில் திறந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியிலும் இவை பாடமாயின. ஆனால் காலனி அரசின் நோக்கம் வேறு. விவசாயியின் பிள்ளை கொஞ்சம் தேர்ந்த விவசாயியாக வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிக்காகோவிலும் கை வேலை செய்தது, மலாயாவிலும் கை வேலை செய்தது. ஒரு பக்கம் கை ஒரு கேள்வியைத் தேடிப் போனது. இன்னொரு பக்கம் என்ன செய்ய வேண்டும், எதற்குச் செய்ய வேண்டும் என்பதை மேலே இருந்தவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். வேறுபாடு பொருளில் இல்லை. திட்டம் யாருடையது என்பதில் இருக்கிறது. மாணவர்களே, செயல்திட்டக் கற்றல் பற்றிய கேள்வி வந்தால் இந்த வேறுபாட்டை எழுதுங்கள்.

ஆசிரியர்களே, இனி நம் வகுப்புக்கு வருவோம். அழகுக்கு மட்டும் புள்ளி கொடுத்தால், காசு கொடுத்து வாங்கிய மாதிரிதான் முதலில் நிற்கும். பெற்றோர் இரவு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பின்னால் போய்விடும். எனவே கில்பாட்ரிக்கின் நான்கு படிகளுக்கும் தனித்தனியே புள்ளி ஒதுக்குங்கள். திட்டத்தை வகுப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு பேர் கொண்ட குழு. வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதட்டும். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டியின் உளியோ, பால் பிடித்த மங்கோ, தாத்தாவின் பழைய அடையாள அட்டையோ, எதுவானாலும் சரி. வீட்டில் பெரியவர்களைப் பேட்டி எடுப்பது தனி வேலை. பதில்களை ஒப்பிட்டு, எதை எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்வது குழு வேலை. வரைபடமா, நாடகமா, பழைய பெட்டியில் செய்த மாதிரியா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். கடைசியில், "எது சரியா வரல? மறுபடி செஞ்சா எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு: கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கதை சொல்வது. காகிதம் கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம். பரவாயில்லை, அது பிள்ளை வெட்டியது.