கான்சாகிபு சண்டை: ஒரு பாட்டு காத்த பெயர்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வத்திராயிருப்பை அடுத்த கூமாபட்டியின் பெயர் தமிழகமெங்கும் ஒலித்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் நீரையும் பசுமையையும் புகழ்ந்து வெளியிட்ட சிறு காணொளிகள் கைப்பேசிதோறும் பரவின. அதைக் கண்டு பிளவக்கல் அணையை நோக்கி வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள் பலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாகக் கிடந்த சிற்றூர் சில வாரங்களில் எல்லோர் வாயிலும் புகுந்தது. சொந்த ஊரை ஒருவன் ராகம் போட்டுச் சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்பது புதிய செய்தியன்று. கூமாபட்டிக்குப் பக்கத்திலேயே கான்சாபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. பெயரைச் சற்று நிறுத்தி உச்சரித்தால் 'கான்சாகிபு' என்னும் பட்டம் காதில் விழும். காணொளியைக் கண்டு கூமாபட்டிக்குப் போனவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயர்ப்பலகையின் முன் ஒரு கணம் நின்றிருப்பார்கள்?

கான்சாகிபு என்று தென்பாண்டிச் சீமை அழைத்தது கமாண்டர் முஹம்மது யூசுப் கானை. இன்று பெரும்பாலோர் அவரை மருதநாயகம் என்ற பெயரால் அறிவர். 1997 அக்டோபரில், இங்கிலாந்து அரசியார் இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் கமல்ஹாசன் தொடங்கி வைத்து இன்றுவரை முடியாமல் நிற்கும் திரைப்படமே அதற்குக் காரணம். ஆனால் திரைப்படத்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் பெயரைக் காத்து வந்தவர்கள் எழுத்தறியாத ஊர்ப் பாடகர்கள். அவர்கள் பாடிய கதைப்பாடலின் பெயர் 'கான்சாகிபு சண்டை'. பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் நூலாக வெளியிட்டது. கட்டபொம்மன், முத்துப்பட்டன், காத்தவராயன் ஆகியோரின் கதைப்பாடல்கள் வெளிவந்த அதே வரிசையில் இந்த முஸ்லிம் தளபதியின் பாட்டும் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டு 'வெற்றி பெற்றது' என்றால் அதற்கு அளவுகோல் வேறு. இசைத்தட்டும் வானொலியும் இல்லை. அறுவடை முடிந்த களத்திலும் ஊர்த் திருவிழாவிலும் இரவு முழுக்கப் பாடகனைச் சுற்றி மக்கள் உட்கார்ந்திருந்தால் பாட்டு பிழைத்தது; எழுந்து போனால் மறைந்தது. பாடகன் தன் மண்ணின் பெயர்களைப் பாடினான். கேட்பவனுக்குத் தெரிந்த கோட்டை, அவன் நடந்த பாதை, அவன் பாட்டன் பார்த்த படை ஆகியவை பாட்டில் வந்தன. கும்பினிக் கணக்கர்கள் சென்னைக்கு எழுதிய கடிதங்களில் யூசுப் கான் 'கலகக்காரன்' ஆனார். ஆங்கிலேய ஆய்வாளர் எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலும் அந்தச் சொல்லே நிற்கிறது. பாட்டிலோ அவர் போர் செய்து மாண்ட வீரர்.

அவர் பிறந்தது இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூர் என்னும் சிற்றூர். காலம் ஏறத்தாழ 1725. வேளாளர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் வீட்டை விட்டு வெளியேறி, பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. (புலித்தேவரின் கோட்டைகளில் ஒன்றுக்கும் பனையூர் என்றே பெயர். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) திருச்சிராப்பள்ளியை மீட்கும் போர்களில் கிளைவிடமும் ஸ்டிரிங்கர் லாரன்ஸிடமும் சிப்பாய்ப் படைத்தலைவராகப் பணியாற்றினார். அவருடைய திறமையை லாரன்ஸ் வெளிப்படையாகப் புகழ்ந்தார். கும்பினி அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. ஓர் உழவர் வீட்டுப் பிள்ளை பத்தாண்டுகளுக்குள் இந்திய சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியானார்.

இனிச் சொல்ல வேண்டியது நம்மில் பலர் மேடையில் தவிர்த்துவிடும் பகுதி. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலிக்கும் கும்பினிக்கும் பாளையக்காரர்கள் வரி கட்ட மறுத்தபோது, அவர்களை அடக்க அனுப்பப்பட்ட படையின் வாள் யூசுப் கானுடையது. நெற்கட்டும்செவல் புலித்தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றியிருந்தார். 1756இல் தெற்கே வந்த யூசுப் கான் அதை மீட்டார். ஆண்டாள் கோயில் கோபுரம் நிழல் விழும் அந்த ஊரும், வத்திராயிருப்பு வழியாக மலையடிவாரத்தில் நீளும் பாதையும், சேத்தூர், கொல்லங்கொண்டான் பாளையங்களும் அவருடைய படை மிதித்த மண். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவரிடம் வீழ்ந்தன. அன்னியருக்குத் தலைவணங்க மறுத்த முன்னோடி என்று இன்று அரசு விழா எடுத்துப் போற்றும் புலித்தேவரை வீழ்த்தியவர், பின்னாளில் அதே அன்னியரை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய யூசுப் கான். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர் வரலாறு சொல்லவில்லை, வழக்காடுகிறார்.

இதை முஸ்லிம், இந்து மோதலாக வரைய முயல்பவர்களுக்கு அந்தக் காலம் இடம் கொடுப்பதில்லை. நவாபின் அண்ணன் மஹ்பூஸ் கானே ஒரு கட்டத்தில் புலித்தேவருடன் கைகோத்தார். நபிகான் கட்டாக் முதலிய பட்டாணியத் தலைவர்களும் பாளையக்காரர் பக்கம் நின்று நவாபின் படையை எதிர்த்தனர். நவாப் முஸ்லிம்; அவரை எதிர்த்தவர்களில் முஸ்லிம்கள்; அவருக்காகப் போரிட்டவர்களில் எல்லாச் சாதியினரும் உண்டு. அங்கே மார்க்கம் அணிவகுக்கவில்லை. வரியும் கோட்டையும் பதவியும் அணிவகுத்தன.

1759 முதல் மதுரையையும் நெல்லையையும் ஆண்ட யூசுப் கானின் ஆட்சியைப் பகைவர்களும் குறை சொல்லவில்லை. பாழ்பட்டுக் கிடந்த கண்மாய்களும் கோட்டைகளும் செப்பனிடப்பட்டன. ஓடிப்போன நெசவாளர்கள் மதுரைக்குத் திரும்பினர். கொள்ளைக்கு அஞ்சி இருட்டும் முன் கதவடைத்த ஊர்களில் வணிகர்கள் அச்சமின்றிப் போய்வந்தனர். முந்தைய குழப்பத்தில் வருவாய் இழந்த கோயில்களுக்கு மானியம் மீண்டும் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதி போன்ற வானம் பார்த்த மண்ணில் கண்மாய்க்கரையைக் கட்டிய ஆட்சியாளனை உழவன் எளிதில் மறப்பதில்லை. பாட்டு ஏன் அவர் பக்கம் சாய்ந்தது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். வீரம் மட்டும் ஒருவனைப் பாட்டில் ஏற்றுவதில்லை. வாசுதேவநல்லூரில் வீரம் இரு பக்கமும் இருந்தது. தண்ணீர் கொடுத்தவனின் பெயர் கூடுதலாக நிற்கும்.

அவருக்கும் நவாபுக்கும் இடையே பிளவு வளர்ந்தது. குத்தகைப் பணத்தை இனி நவாபிடமே கட்ட வேண்டும், நவாபின் ஊழியராகவே நடக்க வேண்டும் என்று கும்பினி ஆணையிட்டது. பணிய மறுத்த யூசுப் கான் 1763இல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அது காலம் தவறிய கணக்கு. அதே ஆண்டு பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்டுவிட்டன. மார்ஷான் என்ற தளபதியின் கீழிருந்த சிறு பிரெஞ்சுப் படையைத் தவிர வேறு உதவி வரவில்லை. இருந்தும் கோட்டை ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1764 ஜூன் 26 அன்று மேஜர் கேம்ப்பெல் நடத்திய நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதில் காயமுற்ற மேஜர் பிரஸ்டன் பின்னர் இறந்தார். பீரங்கியால் முடியாததைப் பட்டினி செய்தது. வழிகளை அடைத்து உணவை நிறுத்தினர். கோட்டைக்குள் குதிரைகளையும் அறுத்துத் தின்னும் நிலை வந்தது.

அக்டோபர் நடுவில் அவர் பிடிக்கப்பட்டார். உள்ளிருந்தே வந்த துரோகம் அது: திவான் சீனிவாசராவ், பிரெஞ்சுத் தளபதி மார்ஷான், மருத்துவர் பாபா சாகிபு மூவரும் சேர்ந்தனர். தனித்திருந்து தொழுகையில் இருந்த வேளையில் அவரைப் பிடித்துக் கட்டினர் என்பது மதுரை மக்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுவது. ஓர் இந்து, ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம் என மூவர் கையிலும் அந்தக் கயிறு இருந்தது. தூக்கு விதித்ததோ தொழுகையாளியான நவாப். ஹிஜ்ரி 1178, அதாவது 1764 அக்டோபர் 15 திங்கட்கிழமை, மதுரைக்கு மேற்கே நவாபின் பாசறை முன்னிலையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இரண்டு முறை கயிறு அறுந்தது, உடலில் இருந்த தாயத்தை எடுத்த பின்னரே உயிர் பிரிந்தது என்று செவிவழிக் கதை உண்டு. நாம் அதை நம்பத் தேவையில்லை. எவருடைய அஜலும் தாயத்தின் கையில் இல்லை. ஆயினும் அந்தக் கதை பிறந்த மனத்தைப் புரிந்துகொள்ளலாம். அவர் இறந்ததை ஏற்க மக்கள் தயங்கினார்கள். நவாபும் அப்படியே தயங்கினார் போலும். உடலைத் துண்டித்துத் தலையைத் திருச்சிக்கும் உறுப்புகளைப் பல ஊர்களுக்கும் அனுப்பினார் என்பர். கால் ஒன்று அடக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தர்கா பெரியகுளத்தில் இருக்கிறது. உடல் சம்மட்டிபுரத்தில் அடங்கியது. 1808இல் ஷேக் இமாம் என்பவர் அதன்மீது சிறு பள்ளிவாசல் எழுப்பினார். இன்றைய காளவாசல் பகுதியில் நெரிசலுக்கு நடுவே 'கான்சாகிபு பள்ளிவாசல்' என்று கேட்டால் இன்றும் வழி சொல்வார்கள். மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரையே தாங்குகின்றன.

கதைப்பாடல் மரபில் கொலையுண்டு மாண்ட வீரன் பெரும்பாலும் தெய்வமாகிறான். முத்துப்பட்டனுக்குக் கொடை நடக்கிறது. காத்தவராயனுக்குக் கழுமரம் ஏற்றுகிறார்கள். கான்சாகிபுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவர் முஸ்லிம், அவருடைய அடக்கத்தலம் பள்ளிவாசலானது. ஆகவே அவரைப் பாடிய பாடகன் வரம் கேட்கப் பாடவில்லை. நடந்ததைச் சொல்லப் பாடினான். பிறருடைய பாட்டுகளைவிட இதில் போரின் முகம் தெளிவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

நமக்கென்று போர்ப்பாட்டு மரபே இருந்தது. படைப்போர் என்னும் இலக்கிய வகையைத் தமிழுக்குத் தந்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். சக்கூன் படைப்போர் பதினேழாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. நாமாவும் கிஸ்ஸாவும் மஸ்அலாவும் நம் வீடுகளில் இரவெல்லாம் ஓதப்பட்டன. ஆனால் படைப்போர்கள் பெரும்பாலும் அரபு மண்ணின் களங்களைப் பாடின. நம் புலவர்கள் தொலைவான களங்களைக் கண்முன் நிறுத்திக்கொண்டிருந்தபோது, மதுரைக் கோட்டையின் அகழியில் நடந்ததை ஊர்ப் பாடகர்கள் பாடினார்கள். அதைத் தேடிப் பதிப்பித்தவரும் நாங்குநேரியைச் சேர்ந்த ஒரு பொதுவுடைமைச் சிந்தனையாளர். நம் வீட்டுப் பிள்ளையின் பெயரை அண்டை வீட்டார் எழுதிப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். நன்றி சொல்லவேண்டிய கடன் அது. கொஞ்சம் வெட்கமும் உண்டு.

அவரை ஷஹீத் என்று சொல்லலாமா என்று கூட்டங்களில் விவாதம் எழுவதுண்டு. எண்ணங்களை அறிந்தவன் அல்லாஹ். அந்தத் தீர்ப்பு நம்முடையதன்று. பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது கதையின் முழுமை. புலித்தேவரின் கோட்டைச் சுவரில் பீரங்கி வைத்தவரும், நெசவாளியை ஊருக்குத் திரும்ப அழைத்தவரும், கும்பினியின் பதக்கத்தை அணிந்தவரும், கும்பினிக்குப் பணிய மறுத்தவரும் ஒரே மனிதர். அடுத்தமுறை வத்திராயிருப்பு வழியாகக் குடும்பத்தோடு போகிறவர்கள் கூமாபட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், கான்சாபுரம் பெயர்ப்பலகை அருகே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டலாம். படித்ததும் 'யார் அத்தா அது?' என்ற கேள்வி வரும்.