ஒரு டாலருக்குக் கைமாறிய கார்

1950களில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் கனவு கண்டது டெட்ராய்ட்டில். அந்தக் கனவுக்குத் தகரம் தட்டியது பெரும்பாலும் இத்தாலியின் டூரின் நகரில். ஒரே ஒரு கார் வேண்டும், அதையும் கையாலேயே செய்ய வேண்டும் என்றால் டூரின் பட்டறைகளில் கூலி குறைவு, கைத்திறன் அதிகம். போர்டு நிறுவனத்தின் லிங்கன் பிரிவும் தன் வரைபடத்தை அங்கிருந்த கியா பட்டறைக்கு அனுப்பியது. அங்கே பிறந்ததுதான் ‘லிங்கன் பியூச்சுரா’.

அதை வடிவமைத்தவர்கள் பில் ஷ்மிட்டும் ஜான் நஜாரும். கடலுக்குள் மூழ்கியபோது கண்ட சுறாவும் திருக்கையும் ஷ்மிட்டின் மனதில் தங்கி, இந்த உருவமாயின என்பார்கள். பார்த்தால் நம்பத் தோன்றும். ஏறத்தாழ 19 அடி நீளம். உயரமோ நாலரை அடிக்கும் குறைவு. பின்பக்கம் இரண்டு நெடிய துடுப்புகள். ஓட்டுபவர் தலைக்கு மேல் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் தலைக்கு மேல் ஒன்று என இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். முத்துப்போல மின்னும் நீலம் பாய்ந்த வெள்ளைப் பெயிண்ட். அந்த மினுக்கத்துக்கு மீன் செதிள் கலந்தார்களாம். பின்னால் வரும் வண்டிகளின் ஓசையைப் பிடித்து உள்ளே கேட்கச் செய்ய ஒரு மைக்கும் உண்டு. செலவு இரண்டரை லட்சம் டாலர் என்று கணக்குச் சொல்வார்கள்.

கண்காட்சிக்குச் செய்யும் கார்களில் பல வெறும் கூடுதான்; தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பியூச்சுராவுக்கு உள்ளே லிங்கனின் வி8 இன்ஜின் இருந்தது. 1955 ஜனவரியில் சிகாகோ கண்காட்சியில் மேடையேறிய கையோடு, மார்ச்சில் நியூயார்க் வீதிக்கும் வந்தது. ஹென்றி போர்டின் பேரன் பென்சன் போர்டு, ஷ்மிட்டைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐ.நா. கட்டடத்திலிருந்து சென்ட்ரல் பார்க் வரை ஓட்டிப்போனார்.

கான்செப்ட் கார் விற்பதற்காகப் பிறப்பதில்லை. நாளைக்கு என்ன வரலாம் என்று இன்றைக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. இரண்டு வருடம் போனால் அந்த ‘நாளை’யே பழசாகிவிடும். பிறகு கிடங்கில் தூசி, அல்லது காயலான் கடை. கிரைஸ்லருக்காக அதே கியா பட்டறை செய்த ‘நார்ஸ்மன்’ என்ற காருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. 1956 ஜூலையில் அதை ஏற்றிவந்த ஆண்ட்ரியா டோரியா கப்பல் நான்டக்கெட் அருகே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. கண்காட்சி மேடையையே காணாமல் கார் அட்லாண்டிக்கின் அடியில் போய்ச் சேர்ந்தது.

பியூச்சுராவுக்கு ஆயுள் கெட்டி. 1959இல் ‘இட் ஸ்டார்ட்டட் வித் எ கிஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் நடித்தது. முத்து வெள்ளை கேமராவில் எடுபடவில்லை என்று சிவப்படித்தார்கள். படம் முடிந்ததும் வடக்கு ஹாலிவுட்டில் ஜார்ஜ் பாரிஸ் என்பவரின் பட்டறைக்குப் பின்புறம் வந்து நின்றது. வெயிலும் மழையும் அதன் மேல்தான்.

பாரிஸ் கஸ்டம் கார் உலகின் பெரிய கை. கம்பெனி செய்து அனுப்பிய காரை அறுத்து, தாழ்த்தி, ஒட்டி, உலகில் இன்னொன்று இல்லாதபடி ஆக்கித் தருவது அவர் தொழில். நம் ஊரில் டிங்கர் வேலை என்போமே, அதையே கலையாக்கியவர். 1965இல், வௌவால் வேடமிட்ட நாயகனின் கதையான ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடருக்குக் கார் கேட்டு வந்தார்கள். கையில் இருந்த அவகாசம் சுமார் மூன்று வாரம். புதிதாக ஒன்றைச் செய்ய நேரமில்லை. பட்டறைக்குப் பின்னால் நின்ற வண்டியில் துடுப்புகள் இருந்தன, குமிழ்கள் இருந்தன. பாதி வௌவால் ஏற்கெனவே தயார்!

தகர வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் பில் குஷன்பெரி. சக்கரங்களுக்கு மேலே வளைவை அகலத் திறந்தார்கள். துடுப்புகளை நீட்டி வௌவால் சிறகுபோல் விளிம்பு கட்டினார்கள். மூக்கை முகமூடியாக்கினார்கள். பின்னால் ராக்கெட் வாய்போல ஒரு குழல். சட்டென்று திரும்புவதற்கு என்று இரண்டு பாராசூட். மேலே பளபளக்கும் கறுப்பு, ஓரங்களில் செந்நிறக் கோடு. கடல்மீனாகப் பிறந்தது வௌவாலாக எழுந்தது.

1966 ஜனவரி 12 அன்று தொடர் ஏபிசியில் தொடங்கியது. 1968 மார்ச் வரை 120 பகுதிகள் ஓடியது. திரையில் சூரனாக இருந்த கார், படப்பிடிப்பில் அப்படியில்லை. இன்ஜின் சூடேறும், பேட்டரி கைவிடும், டயர் போகும். பத்து வயதான கண்காட்சி வண்டியைத் தினமும் ஓட விரட்டினால் வேறென்ன செய்யும்? ஆனாலும் உலகம் மயங்கியது. பிரிட்டனின் கார்கி நிறுவனம் 1966இலேயே பொம்மையாக வார்த்து விற்றது. ஊர் ஊராகக் கண்காட்சிக்கு அனுப்ப, போர்டு கேலக்ஸி அடிச்சட்டத்தின் மேல் மூன்று நகல்களைச் செய்தார் பாரிஸ்.

அவர் செய்த புத்திசாலித்தனம் ஒன்று உண்டு. காரை ஸ்டூடியோவுக்கு விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டார். இரண்டரை லட்சம் செலவழித்த போர்டு நிறுவனம் அவர் பெயருக்கு அதை எழுதிக் கொடுத்த விலை ஒரே ஒரு டாலர். அதை அவர் நாற்பது வருடங்களுக்கு மேல் வைத்திருந்தார். 2013 ஜனவரி 19 அன்று அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில், பாரெட்-ஜாக்சன் ஏல மேடையில் ஏற்றினார். சுத்தியல் விழுந்தது 42 லட்சம் டாலரில். கட்டணமும் சேர்த்து 46.2 லட்சம். ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து பாரிஸ் காலமானார்.

பழைய கார் பிரியர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. காரைப் பிறந்தபடியே காப்பதுதான் மரியாதை என்பார் ஒருவர். கை வைத்தால்தான் கார் நம்முடையதாகும் என்பார் இன்னொருவர். முதல் கட்சியின் சட்டப்படி பியூச்சுராவுக்கு நடந்தது கொலை. மீன் செதிள் மின்னிய அந்தத் தோலை இனி யாரும் மீட்க முடியாது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை நமக்குத் தெரியும். இங்கே கூடு ஒன்றுதான், உயிர்தான் மாறி மாறிப் புகுந்தது.

என் தீர்ப்பு பாரிஸ் பக்கம். கான்செப்டாகப் பிறந்து, கஸ்டமாக வளர்ந்து, கிளாசிக்காக விலைபோனது ஒரே கார். வாள் வைத்து அறுத்தவர்தான் அதை வாழவைத்தார். தொடாமல் விட்டிருந்தால், அந்த வடக்கு ஹாலிவுட் பட்டறையின் பின்புறத்திலேயே துருப்பிடித்து முடிந்திருக்கும்.