தரங்கம்பாடித் திருச்சபை

கிறிஸ்தவக் கோயில்கள் யாவும் ஐரோப்பியர் ஆட்சிக்குக் கைக்கருவியாகவே இந்நாட்டில் எழுந்தனவென்று நம் சங்கத்து அன்பர் சிலர் கூறக் கேட்கிறோம். அக்கூற்றில் உண்மை பாதியே உண்டென்பது தரங்கம்பாடிச் சரித்திரத்தை நோக்குவார்க்கு விளங்கும்.

1620-ஆம் வருஷத்தில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை பெற்று டேனிஷ் வர்த்தகர் அவ்வூரிற் கோட்டை கட்டினர். அவர்கள் நாடியது வாணிபம், மார்க்கமன்று. 86 ஆண்டுகள் கழிந்த பின்னரே, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9-ல் வந்து சேர்ந்தனர். அரசன் அனுப்பியவரை அவ்வரசன் கொடியின்கீழிருந்த கோட்டைத் தலைவனே வெறுத்தான். பூசல் முற்றி, 1708-ல் சீகன்பால்கைச் சிறையிலிட்டான். நான்கு திங்கள் அவர் அங்கே கிடந்தார். கொடியும் கோயிலும் என்றும் ஒன்றே என்பார் இதற்கு யாது விடை கூறுவர்?

1707-லேயே அங்கே பெண்மக்களுக்குப் பாடசாலை ஏற்பட்டது. அச்சியந்திரம் இங்கிலாந்திலிருந்தும், தமிழெழுத்துக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்தும் வந்தன. தமிழ் அச்சு 1578-லேயே கொல்லத்திற் கண்டதுதான். எனினும் புதிய ஏற்பாடு தமிழில் முழுதும் அச்சேறி 1715-ல் நிறைவுற்றது தரங்கம்பாடியிலேயாம்.

இனி நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கதொன்றுண்டு. சபையிற் சேர்ந்தோர் தம் ஜாதியை வாயிலில் விட்டு வந்தாரல்லர். கோயிலினுள்ளும் குலவாரியாகவே தனித்தனி அமர்ந்தனர். 1733-ல் ஆரோன் என்னும் வேளாளர் குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கனோ, தஞ்சைச் சேனையிற் சேவித்தவர். பலரைச் சபையிற் சேர்த்தவர். இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் பிறந்தது தாழ்த்தப்பட்ட குலம். அவர் கையால் இராப்போஜனம் பெற மேற்குலத்தார் கூசுவரென்று பாதிரிமாரே தயங்கினர். சமத்துவம் போதித்தோரின் இத்தயக்கத்தை யாம் சிறு குறையென்று தள்ளோம். குலத்தின் பெயரால் சங்கம் கூட்டியுள்ள நாம் அதனை எள்ளி நகையாடவும் உரிமையுடையேமல்லேம். 1833-ல் ஆங்கிலச் சபையின் அத்தியட்சர் டேனியல் வில்சன் ஜாதி வேற்றுமையை விலக்குமாறு கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே நீங்கினர், ஜாதியை நீங்கிலர்.

1845-ல் டேனிஷார் தரங்கம்பாடியையும் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்று அகன்றனர். சபை அகன்றிலது. 1919-ல் அது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை எனத் தன்னாட்சி பெற்றது. பாடசாலைகளை இன்றும் நடத்தி வருகிறது. 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. மறுவருஷமே மறைந்த சீகன்பால்கின் கல்லறையும் அதனுள்ளேயே இருக்கிறது.