பரம் பொருள்: பல கோர் கணினியில் வளப் பங்கீடு

திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் (என்.ஐ.டி.) 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட மீத்திறன் கணினி பரம் பொருள். தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இதை மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் அமைத்தது. உச்சத்திறன் 838 டெராஃபிளாப்ஸ். சூடு தணிக்க நேரடித் திரவக் குளிர்விப்பு.

இந்த எண்ணைக் கண்டு மயங்குவதற்கில்லை. ஒரு நிரலில் 95 விழுக்காடு இணையாக ஓடக்கூடியது என்றால், 40 கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகள்) கொடுத்தாலும் வேகம் ஏறத்தாழ 13.5 மடங்கே கூடும். எத்தனை கோர் சேர்த்தாலும் 20 மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இது. ஆகவே கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி கோர்களை அள்ளிக் கொடுப்பது வீண்செலவு.

இத்தகைய கணினிகளில் பயனர் தமக்கு வேண்டிய கோர், நினைவகம், நேரம் மூன்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்லர்ம் போன்ற வரிசை மேலாளர் இடம் பார்த்து வேலையை ஏற்றும். நேரத்தைக் கூட்டிக் கேட்பவரே பெரும்பாலும் வரிசையில் அதிகம் காத்திருக்க நேர்கிறது: இடையில் காலியாகும் சிறு இடைவெளிகளில் குறுகிய வேலைகளைத்தான் நுழைக்க முடியும்.

கோர் கிடைத்த பிறகும் சிக்கல் உண்டு. இரண்டு செயலிகள் கொண்ட கணுவில் (மீத்திறன் கணினியில் சேர்ந்திருக்கும் தனிக் கணினிகளில் ஒன்றில்) ஒவ்வொரு செயலிக்கும் அருகில் தனி நினைவகம் இருக்கும். எதிர்ப்பக்க நினைவகத்திலிருந்து தரவை எடுப்பது தாமதமாகும். எனவே நிரலின் இழைகளை (இணையாக ஓடும் பகுதிகளை) குறிப்பிட்ட கோர்களில் கட்டிவைத்து, தரவையும் அருகிலேயே வைப்பது வழக்கம். வேலை சமமாகப் பிரியாதபோது, ஓய்ந்திருக்கும் கோர் மற்றொன்றின் வரிசையிலிருந்து பணியை எடுத்துக்கொள்ளும் உத்தியும் உண்டு; 1990களில் எம்.ஐ.டி.யின் சில்க் மொழி இதை ஆழமாக வளர்த்தது.