தேறல்: பாலாற்று முகத்தில் பழமது

தேறுதல் என்றால் தெளிதல். நுரைத்துப் பொங்கிய மது அடங்கி, மண்டி கீழே தங்கிய பின் மேலே நிற்கும் தெளிவுக்கே சங்க காலத்தில் தேறல் என்று பெயர். மதுவின் தரத்தைத் தெளிவும் பழமையும் கொண்டு மதித்த மக்களின் சொல் இது.

செங்கற்பட்டுச் சீமையில் மது வடித்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை அடுக்களைக் குறிப்புப் போலவே சொல்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு அது. வலைஞர் குடியில் குற்றாத அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நல்லடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவார்கள். நல்லடை என்பதை நெல்முளை என்று உரை கொள்கிறது. அரிசியின் மாவுச்சத்து அப்படியே நொதிக்காது. முளையிலுள்ள நொதிப்பொருள் அதைச் சர்க்கரையாக்க வேண்டும். பிறகே ஈஸ்ட் அதைச் சாராயமாக்கும்; நுரையை எழுப்பும் கரியமிலவாயுவும் அப்போது பிறப்பதே. பியருக்கு வாற்கோதுமை முளை செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்தது.

இரண்டு நாள் மது உடனே குடிப்பதற்கு. வைத்திருந்து குடித்ததும் உண்டு. சற்றுத் தெற்கே, மரக்காணம் என்று கருதப்படும் எயிற்பட்டினத்தில், அலை கொண்டு ஒதுக்கிய மணமரத்தை விறகாக்கி நுளைமகள் வடித்த பழந்தேறலைப் பரதவர் விருந்தினருக்குச் சுட்ட குழல்மீனோடு ஊட்டியதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. பழையதன் சுவைக்குப் புலவர்கள் தந்த உவமைகள் கூர்மையானவை: ஔவையாருக்கு அது தேளின் கடுப்பு. பாதுகாக்கும் வழியைக் கபிலரின் புறப்பாட்டு சொல்கிறது. பாரியின் பறம்பு நாட்டில் மதுவை நிலத்தில் புதைத்து முதிர்த்தார்கள். மண்ணுக்கடியில் வெயிலின் சூடு ஏறாது. வாயை இறுக மூடினால் காற்றும் புகாது. காற்றுப் புகுந்த மது புளித்துக் காடியாகிவிடும்.

திராட்சை மது கடல் வழியே வந்தது. யவனர் என்ற கிரேக்க, ரோமானியர் தந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொன்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறனுக்கு ஊட்டுவதை நக்கீரர் பாடினார். அது அரசர்களின் அரிய மது. மாதக் கணக்கான பயணத்தைத் தாங்க, அது வந்த ஆம்போரா என்னும் ஜாடியின் உட்புறம் பிசின் பூசப்பட்டது. கிரேக்கத்தின் கோஸ் தீவு மதுவில் கடல்நீரே கலந்தார்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேட்டில் கோஸ் வகை ஆம்போரா ஓடுகள் மிகுதி.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாற்று முகத்தருகில் உள்ள வாசவசமுத்திரத்தை 1970 வாக்கில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. ஆம்போரா ஓடுகளும் உறைகிணறுகளும் கூம்படி ஜாடிகளும் கிடைத்தன. காஞ்சிபுரத்திலும் கிடைத்த இந்த ஜாடிகளை யவன ஜாடியைப் பார்த்து உள்ளூரில் வனைந்தவை என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். தட்டையான அடி இல்லாததால் அவை தரையில் நிற்கா. மணலில் செருகி வைக்க ஏற்றவை.